'நொய்!' – பன்னிரண்டு வருடம் கேட்ட பிறகு

ஜெர்மன் மொழியில் 'புதுசு' என்பதை நொய் என்பார்கள். நமக்கோ அது கஞ்சிக்குப் போடும் நொய்யரிசி. அந்தப் பெயரில் ஒரு ராக் இசைக்குழு, அதே பெயரில் முதல் ஆல்பம், பின்னால் ஓர் ஆச்சரியக்குறி வேறு. வெள்ளை அட்டையில் சிவப்பு எழுத்து. சோப்புத்தூள் பாக்கெட்டின் மூலையில் 'புதியது!' என்று போடுவார்களே, அந்த விளம்பர பாணியைக் கிண்டல் செய்வதுதான் நோக்கம்.

ஆட்கள் இரண்டே பேர். டிரம்ஸ் அடித்த கிளவுஸ் டிங்கர், கிடார் வாசித்த மிஹாயெல் ரோட்டர். இருவரும் 1971-ல் கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் இசைக்குழுவில் சில மாதங்கள் சேர்ந்து வாசித்துவிட்டு வெளியே வந்தவர்கள். அந்த டிசம்பரில் ஹாம்பர்க் ஸ்டுடியோ ஒன்றில் நான்கே இரவுகளில் பதிவு முடிந்தது. ஆல்பம் 1972-ல் வந்தது. ஒலிப்பதிவாளர் கோனி பிளாங்கை மூன்றாவது உறுப்பினர் என்றே சொல்லலாம்.

என்னிடம் இருப்பது 2001-ல் வந்த சிடி. டிங்கருக்கும் ரோட்டருக்கும் ஒத்துப்போகாததால் அதுவரை முறையான சிடியே வரவில்லை. முதல் தடவை போட்டபோது சிடி எங்கோ சிக்கிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். முதல் பாட்டு 'ஹலோகாலோ' பத்து நிமிடம். பெரிய டிரம் இடைவிடாமல் ஓடுகிறது, நான்கு தட்டில் இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்நேர் என்ற சின்ன டிரம்மின் அடி விழுகிறது, அவ்வளவுதான். பல்லவி கிடையாது, பாடுகிற குரல் கிடையாது. நாலாவது நிமிடத்தில் எழுந்துபோய் நிறுத்திவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் நடைப்பயிற்சிக்கு வேறு எதுவும் கைவசம் இல்லாமல் இதையே காதில் மாட்டிக்கொண்டு போனேன். தாளம் கால் நடைக்கு அப்படியே பொருந்தியது. வழக்கமாகத் திரும்பும் முனையைத் தாண்டி ரொம்ப தூரம் போய்விட்டிருந்தேன். இந்தத் தாளத்துக்கு இசை பற்றி எழுதுகிறவர்கள் 'மோட்டோரிக்' என்று பெயர் வைத்தார்கள். டிங்கருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. இயந்திரம் போல என்று அர்த்தம் வருகிறதே! கவனித்துக் கேட்டால் அவர் பக்கம்தான் நியாயம். சிம்பல் எனும் உலோகத் தட்டை அவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி தொடுவதில்லை. இது பிடிபட எனக்கு ஒரு வருடம் ஆனது.

கிடார் பிடிபட இன்னும் அதிக நாள். ரோட்டர் வாசித்ததை பிளாங்க் டேப்பைத் திருப்பிப் போட்டுப் பின்னோக்கி ஓடவிட்டு, அதன்மேல் ரோட்டரை மறுபடி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அதனால் சில சுரங்கள் பூக்கிற மாதிரி மெதுவாகப் பெருகி, சட்டென்று வெட்டுப்படும். ஹெட்ஃபோனில் கேட்டால்தான் இது தெரியும். போன் ஸ்பீக்கரில் போட்டால் தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம்தான் மிஞ்சும்.

சுருதி நகரவே நகராது. தம்புராவில் பழகிய காதுக்கு இது ஒரு குறையே இல்லை. ரோட்டர் சிறுவனாகச் சில வருடம் கராச்சியில் வளர்ந்தவர், அங்கே கேட்ட இசை தன்னை விட்டுப் போகவில்லை என்று சொல்லியிருக்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

இன்னொரு உறவும் உண்டு. பதிவின் முதல் இரண்டு நாள் ஒன்றும் தேறவில்லையாம். டிங்கர் தன் ஜப்பான் பேஞ்சோவைக் கொண்டுவந்த பிறகுதான் வேலை நகர்ந்திருக்கிறது. அது வேறொன்றும் இல்லை, நம் புல்புல்தாராவின் மூத்த அக்கா. தட்டச்சு இயந்திரம் மாதிரி கட்டைகளை அழுத்தி வாசிப்பார்களே, அதுதான். 'நெகாட்டிவ்லாண்ட்' பாட்டில் இருக்கிறது, ஆனால் அடையாளமே தெரியாத அளவுக்கு உருமாற்றி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டு தரையை உடைக்கும் டிரில் சத்தத்தோடு ஆரம்பிக்கும். இரவில் கேட்பவர்கள் முன்கூட்டியே ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் பக்கத்து வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன்.

முதல் ஐந்தாறு வருடம் எனக்கு இந்த ஆல்பம் என்றால் 'ஹலோகாலோ' மட்டும்தான். இப்போது அதிகம் போடுவது 'வைஸென்ஸே'வும் 'இம் க்ளுக்'கும். இரண்டாவதன் தொடக்கத்தில் படகில் எடுத்த பதிவு, தண்ணீர் சலசலக்கும். அதற்கு மேல் கிடார் மெல்லப் படரும். காய்ச்சலில் கிடந்த ஒரு வாரம் இதைத் தவிர வேறெதையும் என் காது தாங்கவில்லை. 'ஸோண்டர்அங்கெபோட்' என்றால் 'சிறப்புத் தள்ளுபடி'. பெயருக்கேற்ற மாதிரி இலவச இணைப்புதான். இன்றும் தாண்டிவிடுவேன்.

கடைசிப் பாட்டு 'லீபர் ஹோனிஹ்'. டிங்கர் தொண்டை கட்டியவர் மாதிரி முனகுவார், சுருதிக்கும் அவருக்கும் சம்பந்தமே இருக்காது. பதினோரு வருடம் ஒருமுறைகூட முழுதாகக் கேட்டதில்லை. போன மாதம் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது அது வந்துவிட்டது. இரண்டு கையிலும் மாவு. ஏழு நிமிடமும் ஓடி முடிந்தது. சரி, பிடித்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கையைக் கழுவிக்கொண்டு ஓடவும் இல்லை.