'கேஸ் அடிச்சாச்சுண்ணா': சேலம் வீட்டு ஏசியும் ரிப்பேருக்குப் பிறகான வேலையும்

ஏப்ரல், மே லீவுக்குச் சேலம் வருகிறவர்களின் முதல் வேலை, மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த மாடி ரூம் ஏசிக்கு ஆள் கூப்பிடுவது. (ஏற்காட்டில் வீடு உள்ளவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.) ஃபேர்லேண்ட்ஸோ அம்மாபேட்டையோ, ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. வந்த வேகத்தில் "கேஸ் இல்லைண்ணா, அடிச்சுட்டா சரியாயிடும்" என்பார்கள். உஷாராக வேண்டிய இடம் அதுதான்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீராது. குறைந்திருந்தால் எங்கோ லீக். முதலில் பைப்பும் யூனிட்டும் சேரும் ஃப்ளேர் நட்டைப் பாருங்கள். அங்கே லீக் என்றால் சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழ் விடும். அதை அடைக்காமல் அடித்த கேஸ் நீங்கள் பிளேன் ஏறுவதற்குள் போய்விடும், புழுக்கம் அம்மா அப்பாவுக்கு.

கேஸ் லைனைத் திறந்து வேலை பார்த்தால், உள்ளே புகுந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேக்யூம் பம்ப் 20 நிமிடமாவது ஓட வேண்டும். கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளிவிடும் குறுக்குவழிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈரம் உள்ளே தங்கினால் கம்ப்ரசருக்குக் கேடு. பல புது ஏசிகளில் இருக்கும் ஆர்-32 கேஸ் தீப்பற்றக் கூடியதும்கூட. பிறகு சிலிண்டரை எடை மெஷினில் வைத்து, அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி அடிக்க வேண்டும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசர் வேகம் மாற மாற பிரஷரும் மாறும், பிரஷர் கேஜை மட்டும் நம்ப முடியாது.

ஆள் கிளம்புமுன் 18 டிகிரியில் வைத்து, ஃபேனை ஃபுல்லில் விட்டு 15 நிமிடம் ஓட்டுங்கள். மேலே உள்ளே போகும் காற்றுக்கும் கீழே வரும் காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் வேண்டும். வரவில்லையென்றால் ஃபில்டர், அவுட்டோர் காயில் தூசி, காற்றை மறிக்கும் கிரில் எல்லாம் பார்க்காமல் மறுபடி கேஸ் அடிக்க விடாதீர்கள்.

சர்வீஸுக்குப் பிறகு இண்டோரில் தண்ணீர் சொட்டினால் தண்ணீர் ட்ரே சரியாக உட்காரவில்லை, அல்லது தண்ணீரை வெளியேற்றும் ட்ரெயின் ஹோஸ் மடங்கியிருக்கிறது. பழைய மாடல் ஏசியில் அவுட்டோர் ஃபேன் சுற்றி, கம்ப்ரசர் மட்டும் 'ம்ம்' என்று உறுமி நின்றால் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டரைச் சந்தேகப்படலாம். பழையதில் எத்தனை மைக்ரோஃபேரட் அச்சிட்டிருக்கிறதோ அதேதான் போட வேண்டும். ராத்திரியில் மட்டும் இப்படி நின்றால் லோ வோல்டேஜா என்று ஸ்டெபிலைசரில் பாருங்கள்.

பில்லில் கேஸ் பெயர், கிராம், எந்த நட்டில் லீக் என்று எழுதி வாங்கி, போட்டோ எடுத்து வீட்டில் இருப்பவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். அடுத்து வேறு மெக்கானிக் வந்தாலும் அந்த நட்டிலிருந்து ஆரம்பிப்பார்.