முதல் கீர்த்தனையை யாரிடம் பாடிக் காட்டுவது?

கர்நாடக இசையை எட்டுப் பத்து ஆண்டுகள் பயின்ற மாணவர் ஒருவர் ஒரு நாள் சொந்தமாக ஒரு பல்லவியை முணுமுணுக்கத் தொடங்குகிறார். சில வாரங்களில் அதற்கு அனுபல்லவியும் சரணமும் சேர்ந்து ஒரு கீர்த்தனையாக நோட்டுப் புத்தகத்தில் ஏறிவிடுகிறது. அதன் பிறகு அவர் முன் நிற்கும் சிக்கல், அதை முதலில் யாருடைய காதில் போடுவது என்பதே. 'குருவிடம் பாடிக் காட்டு' என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். அது தவறான பதில் அன்று. ஆனால் முதல் பதிலாக இருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. குரு, உடன் பயிலும் மாணவர், மிருதங்கக் கலைஞர், தமிழாசிரியர், சங்கீதம் கற்காத வீட்டார், கைப்பேசிப் பதிவு ஆகிய ஆறு வழிகளிலும் என் முதல் உருப்படியை, அதாவது நானே இயற்றிய பாட்டைக் கொண்டு அலைந்தவன் என்ற முறையில், எந்தக் காது எதைப் பிடித்தது, எதை விட்டது என்பதை அந்த உருப்படியையே சான்றாக வைத்து ஒப்பிட முயல்கிறேன்.

அது மோகன ராகம், ஆதி தாளம். பல்லவி 'வேலை மறந்தாயோ, என் வினை தீர்க்க' என்று தொடங்கியது. முருகன் தன் வேலை மறந்துவிட்டானோ என்று கேட்பதாக எண்ணி எழுதியிருந்தேன். அனுபல்லவி 'மலைமுகட்டில் நின்ற மயில்வாகனா'. அதற்குப் பின், சொல் இல்லாமல் ஸ்வரங்களாகவே பாடும் சிட்டைஸ்வரம் ஒன்றும் இரண்டு ஆவர்த்தன (தாளச் சுற்று) அளவில் உண்டு. அதைப் பற்றித்தான் எனக்குப் பெருமை அதிகம்.

குருவிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் நானும் எல்லோரையும்போல அங்குதான் முதலில் போனேன். குருவின் காதுக்கு இருக்கும் பெரும்பலம், நாம் பாடுவதில் எது நம்முடையது, எது நாம் ஏற்கெனவே பாடம் பண்ணியது என்பதைப் பிரித்தறியும் ஆற்றல். நான் பல்லவியை இரண்டு முறை பாடி முடிப்பதற்குள், "இந்த ரெண்டாவது சங்கதி மோகன வர்ணத்திலேர்ந்து வந்திருக்கே, தெரியுதா?" என்று டீச்சர் கேட்டார். (ஒரே வரியைச் சற்று மாற்றிப் பாடும் விதம்தான் சங்கதி.) எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு ராகத்தை வர்ணம் என்னும் பயிற்சி உருப்படியின் வழியாகக் கற்றவருக்கு அந்த வர்ணத்தின் பிடிகளே தொண்டையில் ஊறிக் கிடக்கின்றன என்பதால், முதல் உருப்படியில் பாதி அங்கிருந்து வருவது இயல்பே. ஆயினும் அதை இன்ன இடம் என்று தொட்டுக் காட்ட, அந்த வர்ணத்தை நமக்குச் சொல்லிக் கொடுத்தவரை விடப் பொருத்தமானவர் இல்லை.

ஆனால் குருவிடம் ஓர் ஆபத்தும் உண்டு. அவருடைய திறமையிலிருந்தே அது வருகிறது. நான் அனுபல்லவியில் 'ஸ த ப' என்று நேராக இறங்கியிருந்த இடத்தை டீச்சர் திருப்பிப் பாடியபோது, தைவதத்தை ('த') ஓர் அசைவு அசைத்து, பஞ்சமத்துக்கு ('ப') ஜாருவில் வழுக்கி இறங்கினார். அவர் எதையும் திருத்தியதாகச் சொல்லவில்லை. அவருடைய தொண்டைக்கு வேறு விதமாக இறங்க வராது, அவ்வளவுதான். கேட்ட எனக்கோ, என் பாட்டு இத்தனை அழகா என்று தோன்றிவிட்டது. உண்மையில் நான் ரசித்தது என் பாட்டை அன்று, அவர் பாட்டை. நல்ல குரு ஒருவர் ஆரோகண அவரோகணம் என்னும் எளிய ஏறு, இறங்கு வரிசையைக்கூட ராகமாக்கிவிடுவார் என்பதால், அவர் வாயால் கேட்கும்போது உருப்படியின் குறை மறைந்து போகிறது. நம் வாயால் கேட்கும்போது அவர் கவனம் உருப்படியை விட்டு நம் சுருதிக்கும் குரலுக்கும் போய்விடுகிறது. பத்தாண்டுப் பழக்கம் அது.

இதற்கு நேர் எதிரான வழி, உடன் பயிலும் ஒருவரிடம் நோட்டை மட்டும் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வது. ஆறு வழிகளிலும் எனக்கு மிகுதியாகப் பயன்பட்டது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அந்தத் தோழிக்கு நான் பாடிக் காட்டவில்லை. ஸ்வரமும் சாகித்தியமும் (பாட்டின் சொற்களும்) எழுதிய இரண்டு பக்கங்களைக் கொடுத்து, தாளம் போட்டுப் பாடச் சொன்னேன். கருத்துச் சொல்லும்படி கேட்கவே இல்லை. சக மாணவரிடம் கருத்துக் கேட்டால் 'நல்லா இருக்கு' என்பதைத் தாண்டி எதுவும் வராது. நாளைக்கு அவரும் ஒன்று எழுதிக் கொண்டு வருவார், அதற்கும் நாம் அதையே சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் நாக்குக்கு இந்த மரியாதை எல்லாம் தெரியாது. தடுக்க வேண்டிய இடத்தில் அது தடுக்கும்.

அனுபல்லவியில் தடுக்கியது. 'மயில்வாகனா' என்ற சொல்லுக்கு முன் மூச்சு எடுக்க நான் இடம் வைக்கவில்லை. அதை எழுதியவன் என்பதால் எங்கே மூச்சைச் சேமிக்க வேண்டும் என்பது எனக்கு முன்னமே தெரிந்திருந்தது. அவள் 'மயில்வா' வரை வந்து மூச்சு முட்டி நிறுத்தி, 'கனா' என்று தொடர்ந்தாள். மயிலும் போயிற்று, வாகனமும் போயிற்று, கனா மட்டும் மிஞ்சியது. இன்னோர் இடத்தில், என் மனத்துக்குள் அசைந்துகொண்டிருந்த காந்தாரத்தை அவள் பலகைபோல நேராக நிறுத்தினாள். அவள் மேல் குற்றமில்லை. நோட்டில் 'க' என்ற ஒற்றை எழுத்துதான் இருந்தது. 1904ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் அச்சேற்றிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் ஒவ்வொரு கமகத்துக்கும் (ஸ்வரத்தை அசைக்கும் விதத்துக்கும்) தனிக் குறி இருக்கிறது. அந்தக் குறிகளை நம் மாணவர் நோட்டுகளில் காண்பது அரிது. குரு வாயால் கேட்டுப் படிக்கும் பாட்டுக்கு அது இல்லாமல் ஒப்பேறலாம். யாரும் கேட்டிராத பாட்டுக்கு எப்படி ஒப்பேறும்? குருவிடம் பாடிக் காட்டியதில் இந்த இரண்டு குறைகளில் ஒன்றுகூட வெளிப்படவில்லை. வெளிப்படவும் முடியாது, ஏனெனில் அங்கே பாடியது நான்.

இந்த வழியின் குறை, ராகத்தைப் பற்றியோ கட்டமைப்பைப் பற்றியோ இது எதுவும் சொல்லாது என்பது. வர்ணத்தின் சாயலை அவளும் கவனிக்கவில்லை. அதே வர்ணம்தான் அவள் தொண்டையிலும் ஊறியிருந்தது.

தாளத்துக்கும் தமிழுக்கும் தனித்தனியே ஆள் தேட வேண்டுமா, குரு ஒருவரே போதாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் போதாது என்பதே என் அனுபவம். குருவுக்குத் தாளம் தெரியாது என்பதன்று பொருள். பாட்டைக் கேட்கையில் அவர் ராகத்தின் பின்னே போய்விடுகிறார். மிருதங்கக் கலைஞரோ ராகம் எதுவானாலும் கவலைப்படாமல் தாளத்தில் பாட்டு தொடங்கும் இடமான எடுப்பையும் முடிப்பையும் மட்டுமே பார்க்கிறார். எங்கள் வகுப்புக்கு வாசிக்க வரும் அண்ணா ஒருவர் என் பல்லவியைக் கேட்டுவிட்டு, "சமத்துல எடுக்கறதா எழுதியிருக்க, ஆனா பாடறப்ப ஒவ்வொரு தடவையும் அரை இடம் தள்ளித்தான் எடுக்கற, எது உன் பாட்டு?" என்றார். சமம் என்பது தாளச் சுற்று தொடங்கும் இடம். பாடியதுதான் என் பாட்டு என்று முடிவாயிற்று. அப்படியானால் நான் பெருமைப்பட்ட சிட்டைஸ்வரம் உதைத்தது. அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) 4 மாத்திரையாக இரண்டு ஆவர்த்தனத்துக்கு 64 மாத்திரை கணக்கிட்டு, அதில் கடைசி 19 மாத்திரையைத் தீர்மானமாக, அதாவது மும்முறை வரும் முடிப்பாக வைத்திருந்தேன்: ஐந்து ஸ்வரப் பிடி மூன்று முறை, நடுவே இரண்டிரண்டு மாத்திரைக் கார்வை (நீட்டி நிற்கும் இடம்). அது சரியாகச் சமத்தில் வந்து விழுந்துவிட்டு, அரை அட்சரத்துக்குப் பிறகு எழப்போகும் பல்லவிக்காக இரண்டு மாத்திரை வெறுமனே நின்றது. அண்ணா விரல்விட்டு எண்ணிப் பார்த்து, கார்வைகளை மூன்று மூன்று மாத்திரையாக ஆக்கச் சொன்னார். தீர்மானம் 21 ஆயிற்று, மொத்தம் 66. பல்லவியின் 'வே' என்ற எழுத்தின் தலையிலேயே வந்து முடிந்தது. இந்தத் திருத்தத்துக்கு ஆன நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஆறு வழிகளிலும் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லாத வழி இது ஒன்றுதான்: கணக்கு ஒன்று சரி, அல்லது தவறு. முதல் உருப்படியைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்குபவருக்கு அது பெரிய ஆறுதல்.

தமிழாசிரியரின் காது வேறு வகை. பள்ளியில் எனக்குத் தமிழ் கற்பித்த ஐயாவிடம் சாகித்தியத்தை எழுதிக் கொடுத்திருந்தால் எதுகையோடு நின்றிருப்பார்: 'வேலை' என்ற நெடில் தொடக்கத்துக்கு 'மலை' என்ற குறில் தொடக்கம் எதுகையாக ஒட்டாது, இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும். ஆனால் பாடிக் காட்டியதால் அவர் இன்னொன்றையும் பிடித்தார். 'மலை'யின் மகரத்தை நான் இரண்டு அட்சரத்துக்கு இழுத்திருந்தேன். கேட்பவர் காதில் அது 'மாலை' என்றே விழுந்தது. குறிலை இழுத்தால் நெடிலாகிப் பொருள் மாறும் என்பது தமிழில் பாட்டுக் கட்டும் எவருக்கும் காலடியில் கிடக்கும் கண்ணி. 'சோலைமலை முகட்டில்' என்று மாற்றச் சொன்னார். நெடில் முன்னே வந்ததால் இழுப்பதற்கு இடமும் கிடைத்தது, எதுகையும் ஒட்டியது, அழகர்கோயிலுக்கு மேலே இருக்கும் படைவீடும் பாட்டுக்குள் வந்துவிட்டது.

ஆயினும் தமிழறிஞரிடம் எழுத்தை மட்டும் கொடுப்பதா, பாடிக் காட்டுவதா என்பதில் விளைவே வேறாகிவிடும். கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் (நூலைப் பாராட்டித் தரும் செய்யுள்) வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்றபோது, அதில் இருந்த இலக்கண வழுக்களை எண்ணிப் பிள்ளையவர்கள் கொடுக்கத் தயங்கினார் என்பதையும், பின்னர் அப்பாடல்களைப் பாரதியார் பாடக் கேட்டு மனம் கரைந்தே பாயிரம் அளித்தார் என்பதையும், இருவரிடமும் பயின்ற உ.வே.சாமிநாதையர் வழியாக நாம் அறிகிறோம். வழுக்கள் அப்படியே இருந்தன. பிள்ளையவர்களிடம் அவை வந்து சேர்ந்த வழிதான் மாறியது. ஆகவே சாகித்தியத்துக்குத் தமிழாசிரியரை நாடும் மாணவர் தாளை நீட்டாமல் சுருதிப்பெட்டியோடு போவது நல்லது. ஏட்டில் தவறாகத் தெரிவது பாட்டில் பொறுக்கத்தக்கதாகவும், ஏட்டில் பிழையற்றது பாட்டில் பிழையாகவும் ஆகக்கூடும் என்பதை இருவரும் ஒரே நேரத்தில் அறிய அதுவே வழி.

இனி வீட்டார். அம்மாவுக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. பல்லவியைக் கேட்டதும் அடுப்படியிலிருந்து, "ஏன், முருகனுக்கு ஆபீஸ் லீவா?" என்றாள். 'வேலை மறந்தாயோ' என்றால் பணியை மறந்தாயோ என்றுதானே பொருள்படும் என்பது குருவுக்கும் அண்ணாவுக்கும் ஐயாவுக்கும் எனக்கும் தோன்றவே இல்லை. நாங்கள் நால்வரும் முருகன் பாட்டு என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு கேட்டவர்கள். 'வேலினை' என்று மாற்றினேன். தோழி அதைப் பாடியபோது 'வேலி' காதில் விழுந்தது. கடைசியில் 'வேலவா மறந்தாயோ' என்று நின்றது. 'சோலை'யோடு எதுகையும் கெடவில்லை. சங்கீதம் தெரியாதவர் சொல்வதில் பத்தில் ஒன்பது பயனற்றது என்பதை மறுக்க மாட்டேன் (இதே பாட்டைச் சினிமா மெட்டில் போடலாமே என்றும் அம்மா சொன்னாள்). அந்த ஒன்று மற்றவரிடம் கிடைக்காத ஒன்று.

கைப்பேசிப் பதிவு இலவசம், யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை. பாடிய அன்றே கேட்டால் அது நம் குரலை மட்டுமே விமர்சிக்கும். ஒரு வாரம் திறக்காமல் வைத்துவிட்டுக் கேட்டால் மட்டுமே பாட்டு தெரியத் தொடங்கும். என் சரணம் நீளம் என்பதை அப்படித்தான் உணர்ந்தேன், நடுவில் கவனம் சிதறி வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தபோது. ஸ்வரங்களைக் கணினியில் இட்டு ஒலிக்கச் செய்யும் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: கமகமற்ற மோகனத்தைக் கேட்டு ஒருவர் எதை முடிவு செய்வது? உருப்படிப் போட்டிகளுக்கு அனுப்புவதும் அப்படியே. மதிப்பெண் வரும், காரணம் வராது.

மறுமுறை எழுதினால் நான் போகும் வரிசை இது: ஒரு வாரம் ஆறிய பதிவு, பிறகு தோழியின் நாக்கு, பிறகு மிருதங்கமும் தமிழும், அம்மா எப்போது வேண்டுமானாலும், குரு கடைசியில். கடைசியில் என்பது மரியாதைக் குறைவால் அன்று. மூச்சும் கணக்கும் எதுகையும் சரியான ஒரு பாட்டை அவர் முன் வைத்தால்தான் அவரால் மட்டுமே சொல்ல முடிந்ததை, அதாவது இது மோகனமா அல்லது மோகனத்தின் ஸ்வரங்களா என்பதை, அவர் சொல்ல முடிகிறது.

திருத்திய உருப்படியோடு மீண்டும் டீச்சரிடம் போனபோது, இம்முறை அவர் பாடுவதற்கு முன்பே என் நோட்டை அவர் முன் விரித்து வைத்தேன். 'சோலைமலை'யில் இறங்கும் இடத்தில் வழக்கம்போலத் தைவதத்தை அசைத்துவிட்டு நிறுத்தி, நோட்டைக் குனிந்து பார்த்து, "நீ நேராத்தான் எழுதியிருக்க. நேராவே வேணுமா?" என்று கேட்டார். அவர் பாடியதையும் நான் எழுதியதையும் பென்சிலால் ஒன்றன் கீழ் ஒன்றாகக் குறித்து வைத்திருக்கிறேன். இன்னும் எதையும் அழிக்கவில்லை.