தள்ளிப் போடுவதா, ஆணுறையா, மாத்திரையா?

பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: உடலுறவைத் தள்ளிப் போடுவதே மேல். 18 வயது நிறையாதவர்களுக்கு வேறு வழியே கிடையாது. 2012 போக்சோ சட்டத்தில் அவர்கள் சம்மதம் செல்லாது.

ஆணுறையைச் சரியாகப் போட்டால் ஓராண்டில் 100 ஜோடிகளில் 2 ஜோடிக்குத்தான் கரு தங்கும். நடைமுறையில் அது 13. காரணம் கையாளும் விதம். மாதக்கணக்கில் பர்ஸில் கிடக்கும். பைக் சீட்டுக்கு அடியில் சித்திரை வெயிலில் வேகும். சூட்டில் ரப்பர் நைந்துவிடும். வழுக்கலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் சில நிமிடங்களிலேயே பலமிழந்து கிழியும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட (water-based) ஜெல்தான் ஏற்றது. ஆணுறை எச்.ஐ.வி.யை நன்றாகவே தடுக்கும். தோல் உரசலில் தொற்றும் எச்.பி.வி., ஹெர்பிஸ் வைரஸ்களை ஓரளவுதான் தடுக்கும்.

அவசரக் கருத்தடை மாத்திரையை (லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி.) உடலுறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், தாமதமாக ஆக ஆகப் பலன் குறையும். 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பப் போட வேண்டும். பால்வினை நோய் எதையும் அது தடுக்காது. 'விந்து வரும் முன் வெளியே எடுத்துவிடுவோம்' என்பதை முறையென்றே சொல்ல மாட்டோம். ஓராண்டில் 100 ஜோடிகளில் 20 ஜோடிக்குக் கரு தங்கிவிடும்.

விலகியிருப்பதில் மாத்திரையும் இல்லை, பக்கவிளைவும் இல்லை, மாதவிலக்குத் தேதியை எண்ணி எண்ணிப் பரீட்சை நேரத்தில் பயப்படுவதும் இல்லை. ஆனால் இதுவும் தவறுகிற இடம் உண்டு. முடிவு மனசுக்குள்ளேயே இருக்கும். குற்றாலச் சீசனுக்குப் போய், ரூம் போட்டு, பீர் குடித்த பிறகு அது நிற்காது. எதுவரை என்பதும் தெளிவாக இருக்க வேண்டும்: வாய்வழி உறவிலும் சிபிலிஸ், கொனோரியா போன்ற பால்வினை நோய்கள் தொற்றும். ஆகவே பகலில், போனிலோ டீக்கடையிலோ முன்கூட்டியே பேசிவிடுங்கள். "நீ வேணும், இது இப்ப வேண்டாம்ப்பா" என்றால் போதும். அதன் பிறகும் நச்சரிக்கிறவரோடு தனியாக எங்கும் போகாதீர்கள்.

மன உறுதி தளர்ந்துபோனால் ஒளிந்துகொண்டு நாளைக் கடத்த வேண்டாம். அவசர மாத்திரைக்கு மட்டுமல்ல, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்கவும் 72 மணி நேரம்தான் கெடு. ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்குள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. போகத் தயக்கமாக இருந்தால் முதலில் எச்.ஐ.வி. உதவி எண் 1097ஐ அழையுங்கள்.