சாமர் ஏணி: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் பள்ளியில் வகுப்பறை உற்றுநோக்கல் என் பொறுப்பு. வகுப்புக்கு வகுப்பு புரொஜெக்டர் வந்ததும், ஆசிரியர்கள் அதை உருப்படியாகப் பயன்படுத்துகிறார்களா என்று பார்த்துச் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. அதற்காக நான் எடுத்துக்கொண்டது சாமர் (SAMR) அளவீடு; வகுப்பில் கருவி எந்த அளவுக்குப் பாடத்தை மாற்றுகிறது என்று படிப்படியாகப் பார்க்கும் ஏணி அது. ரூபன் புவென்டெடுரா வகுத்தது, நான்கு படிகள். பழைய கருவியின் இடத்தில் புதியதை வைத்தால் பதிலீடு. கூடவே கொஞ்சம் வசதியும் சேர்ந்தால் மேம்பாடு. பாடத்தில் பிள்ளைகள் செய்யும் வேலையே உருமாறினால் மாற்றியமைப்பு. அந்தக் கருவி இல்லாமல் நடக்கவே நடக்காத வேலை என்றால் மறுவரையறை.

முதல் ஆண்டு எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. ஆசிரியர் அறையில் கால் மணி நேரத்தில் விளக்கிவிட்டேன். தமிழாசிரியர் மட்டும், "கட்டுரையைக் கையால் எழுத வைத்தால் எனக்கு எந்தப் படி சார்?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். பதில் அன்றைக்கும் தெரியாது, பிறகும் தெரியவில்லை.

இரண்டாம் ஆண்டில் எல்லோரும் ஏணி ஏறக் கற்றுக்கொண்டார்கள். வராந்தாவில் என் தலை தெரிந்ததும் புரொஜெக்டர் விழித்துக்கொள்ளும். நான் போகாத நாளில் அதே வகுப்பில் திரை சுருண்டே கிடக்கும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அந்த ஆண்டு ஒரே வாரத்தில் பார்த்த இரண்டு வகுப்புகள் என் நம்பிக்கையை ஆட்டிவிட்டன. முதலாவது எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆசிரியை பெஞ்சுகளுக்கிடையே நடந்துபோய் ஒரு நோட்டுப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்தார். பெயர் தெரியாதபடி திரையில் போட்டார்: (ஏ + பி)² = ஏ² + பி². தவறு என்று அவர் சொல்லவில்லை. "ஏ-க்கு 2, பி-க்கு 3 போட்டுப் பாருங்கள்" என்றார். ஒரு பக்கம் 25, மறுபக்கம் 13. வகுப்பே சலசலத்தது. மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எழுந்துபோய்க் கரும்பலகையில் ஒரு சதுரம் வரைந்து, அதை நான்கு அறைகளாகப் பிரித்தாள். பக்கவாட்டில் இருந்த இரண்டு செவ்வகங்களையும் காட்டி, "இதை யார் எடுத்துக்கொண்டார்கள்?" என்று கேட்டாள். விடுபட்ட 12 அங்கேதான் இருந்தது. என் படிவத்தில் இந்த வகுப்புக்கு நான் எழுதியது: பதிலீடு. ஏணியின் ஆகக் கீழ்ப் படி.

மற்றொன்று சமூக அறிவியல். பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து காணொளி தயாரித்திருந்தார்கள். மறுவரையறை என்று உச்சியில் வைத்தேன். வகுப்பு முடிந்ததும் அந்தக் குழுவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரே பையன் எல்லாவற்றையும் செய்திருந்தான். மற்ற ஐவர் அதில் முகம் காட்டியதோடு சரி. காணொளி எதைப் பற்றியது என்றே இருவருக்குத் தெரியவில்லை.

ஜியோஜிப்ரா விஷயத்திலும் இதுதான் நடந்தது. மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் சால்ஸ்பர்க்கில் தொடங்கிய கணித மென்பொருள் அது. ஆசிரியர் முக்கோணத்தின் முனையை இழுக்க, மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகையிலேயே நிற்பதைப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ஆய்வகத்தில் இருவர் இருவராக உட்கார்ந்து அவர்களே இழுத்தார்கள். முக்கோணத்தை உடைத்துவிட முடியுமா என்று பந்தயம் கட்டினார்கள். இரண்டுக்கும் நான் ஒரே படியைத்தான் கொடுத்திருக்கிறேன். மவுஸ் யார் கையில் இருந்தது என்று எழுத என் படிவத்தில் இடமே இல்லை.

இடையில் மிஷ்ராவும் கோலரும் 2006இல் முன்வைத்த டிபேக் (TPACK) சட்டகத்தை, அதாவது பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் ஆசிரியரிடம் எப்படிச் சேர்கின்றன என்று பார்ப்பதை வைத்து ஒரு பருவம் சுயமதிப்பீட்டுக் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தேன். தயங்கித் தயங்கி நன்றாகச் செய்கிறவர்கள் தங்களுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். மற்றவர்களுக்குக் கூச்சமே இல்லை. அதோடு விட்டுவிட்டேன்.

மூன்றாம் ஆண்டில் ஸ்டாலிங்ஸ் என்ற வகுப்பறை உற்றுநோக்கல் முறையிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கினேன். ஒரு பாடவேளையில் 10 முறை, ஒவ்வொரு முறையும் 15 விநாடி, வகுப்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும். என்ன நடக்கிறது, கையில் என்ன பொருள், எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். எங்கள் 40 நிமிடத்துக்கு நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை. முதல் வாரம் என் கைக்கடிகாரம் ஒலி எழுப்பிப் பாடத்தைக் கெடுத்தது வேறு கதை. பொருள் என்ற இடத்தில் ஸ்மார்ட் போர்டு, செயல்பாடு என்ற இடத்தில் பார்த்து எழுதுதல் என்று ஒரே வகுப்பில் ஏழு முறை குறித்தபோது, ஏணி எனக்கு மறைத்தது என்ன என்று புரிந்தது. இதிலும் குறை உண்டு. அந்தச் சிறுமியின் கேள்வி இரண்டு நோட்டங்களுக்கு நடுவே வந்திருந்தால் தாளில் ஏறியே இருக்காது.

ஆக, சாமரைத் தூக்கிப் போட்டுவிட்டேனா? இல்லை. தன் பாடத்தைத் தானே திட்டமிடும் ஆசிரியருக்கு அது நல்ல கேள்வியைக் கொடுக்கிறது. அதற்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம், காசா பணமா. அடுத்தவருக்கு மதிப்பெண் போட மட்டும் அதைக் கையில் எடுக்காதீர்கள். நான் இப்போது வகுப்பு முடிந்தபின் ஆசிரியரோடு தேநீர் குடிக்கும்போதுதான் அந்தப் படிகளைப் பற்றிப் பேசுகிறேன். படிவத்தில் படி என்றிருந்த கட்டத்தை அடித்துவிட்டு, மேலே "கருவி யார் கையில்?" என்று பேனாவால் எழுதி நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.