நட்சுமேவுக்குப் பிறகு எதைப் பார்ப்பது?

முன்னோருக்குச் செய்யும் படைப்புக்காகக் கானாடுகாத்தான் வந்த அக்கா மகள், பட்டாலையில் பாயை விரித்துப் படுத்தபடியே இரண்டு இரவுகளில் ‘நட்சுமே யூஜின்சோ’ என்ற அனிமே (ஜப்பானிய அசைபட) தொடரின் முதல் பருவத்தை முடித்துவிட்டாள். 13 அத்தியாயங்கள். "அம்மான், இதே மாதிரி இன்னொன்று சொல்லுங்கள்" என்றாள். பேய் வருகிற அனிமே எதையாவது சொல்லிவிடலாம். பாதிக்கு மேல் வெட்டும் குத்துமாகத்தான் இருக்கும். அவள் கேட்டது அதுவல்ல.

2008-இல் வந்த இந்தத் தொடரின் உயிர், நட்சுமே என்ற சிறுவனின் கையில் இருக்கும் ஒரு பெயர் ஏட்டில்தான் இருக்கிறது. அவன் அம்மாவைப் பெற்ற ரெய்கோ, யோகாய் எனும் ஜப்பானியப் பேய்களைத் தோற்கடித்து அதில் பெயர் எழுதி வாங்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள். பேரன் தாளை வாயில் கவ்வி, கையைத் தட்டி, மூச்சை ஊதினால் பெயர் உரியவரிடம் திரும்புகிறது. பெட்டகத்திலிருந்து பழைய மொய் நோட்டை எடுத்து, யாருக்கு என்ன திருப்பிச் செய்ய வேண்டும் என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அதனால் என் முதல் பரிந்துரை ‘முஷிஷி’. 2005-இல் தொடங்கியது, 26 அத்தியாயங்கள். முஷி என்பது பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை உயிர். முதல் கதையிலேயே ஒரு பாட்டி: பாதி முஷியாகிப்போய், பேரன் கண்ணுக்குத் தெரியாமல் அதே வீட்டில் இருக்கிறாள். ஆனால் யோகாய் அழும், கோபிக்கும், சாராயம் கேட்கும். முஷிக்கு மனிதன் ஒரு பொருட்டே இல்லை. கதைநாயகன் கிங்கோவும் அவற்றைப் பூண்டோடு ஒழிக்க வந்தவன் அல்லன். ஒரே ஊரில் தங்கினால் முஷிகள் கூடிவிடும் என்று நடந்துகொண்டே இருக்கிறான். இரவுக்கு ஒன்று போதும். மொத்தமாகப் பார்ப்பது கந்தரப்பத்தைத் தட்டோடு தின்பதுபோல; திகட்டும்.

2007-இன் ‘மோனோனோகே’ (மியாசாகி இயக்கிய ‘இளவரசி மோனோனோகே’ படம் வேறு) பார்வைக்கு மூன்றிலும் அழகு. ஆனால் முதல் கதையே ஒரு விடுதியில் பிறக்காமல் போன குழந்தைகளைப் பற்றியது. ஒன்பதாவது படிக்கும் பெண்ணிடம் அதை நான் சொல்லவில்லை.

பேயே வேண்டாம், பாட்டி மட்டும் போதும் என்றால் ‘ஹனசாகு இரோஹா’, 2011. பேத்தி என்ற சலுகை துளியும் இல்லாமல் விடுதி வேலையில் இறக்கிவிடுகிறாள் கிழவி. நடுவில் அசட்டுச் சிரிப்பு அதிகம், பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்துத் தெருவில் இரண்டு வீடுகள் விடுதியான பிறகு எனக்கு அது கொஞ்சம் உறுத்தலாகவும் இருந்தது.

நேற்று போனில் பேசினாள். முஷிஷியில் ஐந்தாவது அத்தியாயமாம். நம் இரண்டாம் கட்டில் பூட்டிக் கிடக்கும் அறையில் முஷி இருக்குமா என்று கேட்கிறாள். சாவி சிங்கப்பூர்ப் பங்காளியிடம் இருக்கிறது, அவர் வரட்டும் என்றேன்.