போர்ட்டபிள் மானிட்டர்: திரை நன்று, டைப்-சி போர்ட்தான் தொல்லை

லாஸ்பேட்டையில் கட்டட வரைபடம் போடும் நண்பர் ஒருவர், ஜி.எஸ்.டி. குறைந்துவிட்டதால் மானிட்டர் விலையெல்லாம் இறங்கியிருக்கிறதாமே, நீங்கள் வைத்திருப்பதைப் போல, மடிக்கணினியோடு இரண்டாம் திரையாக இணைக்கும் போர்ட்டபிள் மானிட்டர் ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். சிறு திரைகளின் விலை இறங்கியிருக்கலாம். ஆனால் அதற்குக் காரணம் வரியன்று. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18-க்கு இறங்கியவை 32 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைகள். அதற்கு உட்பட்டவற்றுக்கு 2019 ஜனவரியிலேயே 18 விழுக்காடு வந்துவிட்டது. ஆகவே 15.6 அங்குலத் திரையை வரிக்குறைப்புச் சலுகை என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். வாங்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் அப்படிச் சட்டென்று பதில் வரவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு மேலாக இதை வைத்து வேலை செய்கிறேன். அண்மையில்தான் பழுது நீக்கி வாங்கி வந்தேன்.

கடலூரில் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் உள்ள கடைகள் பலவும் புதுச்சேரி மொத்த வியாபாரிகளிடம் சரக்கு எடுப்பவை. பேருந்தில் ஏறினால் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் முள்ளோடையைத் தாண்டினால் சட்டப்படி வேறு வரி எல்லை. தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி. எண் 33 என்று தொடங்கும், புதுச்சேரி எண் 34 என்று தொடங்கும். 34-இலிருந்து வந்த சரக்குக்கு, எல்லை தாண்டி வரும் சரக்குக்கான ஐ.ஜி.எஸ்.டி. எழுத வேண்டும், கடைப் பையன் பழக்கத்தில் அதை உள்மாநிலக் கொள்முதல் போல சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று பாதிப்பாதியாகப் பதிந்துவைப்பான். கூட்டுத்தொகை ஒன்றாகவே இருக்கும் என்பதால் தொகையை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது தப்பிவிடும். மாதந்தோறும் 14-ஆம் தேதி, விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான ஜி.எஸ்.டி.ஆர். 2பி வந்ததும், 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத வரிக்கணக்கைத் தாக்கல் செய்வதற்கு முன்னால், இப்படிப்பட்ட தவறான பதிவுகளைத் தேடிப் பிடிப்பதுதான் என் வேலையில் பாதி.

ஒரே திரையில் இதைச் செய்யும்போது பில் எண்ணையும் தொகையையும் மனத்தில் ஏந்திக்கொண்டு ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். இரண்டு திரை வந்தபின், இடப்பக்கம் டேலி என்ற கணக்கு மென்பொருளின் கொள்முதல் பதிவேடு, வலப்பக்கம் 2பி எக்செல் தாள் என்று வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் திருப்புகிறேன். ஒரு ஹார்டுவேர் கடையின் பெயிண்ட் பில்லில் வலப்பக்கம் 34 என்றிருக்க, இடப்பக்கம் எஸ்.ஜி.எஸ்.டி. கட்டத்தில் தொகை உட்கார்ந்திருந்தால் அது தானாகக் கண்ணில் உறுத்துகிறது. வேலை வேகமாக நடப்பதைவிட, சந்தேகத்துடன் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் அலுப்பு போய்விட்டதே எனக்குப் பெரிய லாபம். இந்த ஒரு நன்மைக்காக இதை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

திரையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எழுத்து தெளிவாக இருக்கிறது, பளபளப்பில்லாத மேட் பரப்பு என்பதால் குழல் விளக்கு பிரதிபலிப்பதில்லை. வெளிச்சம் 250 நிட்ஸ் அளவுதான். தெருவைப் பார்த்த கடை முகப்பில் பகல் வேளையில் இது போதாது. வண்ணம் வெளிறித்தான் தெரியும், எண்களைப் பார்ப்பவனுக்கு அதனால் நட்டமில்லை.

என் கோபம் முழுவதும் ஒயரைச் செருகும் அந்த டைப்-சி போர்ட்டின் மீதுதான். படம், மின்சாரம் இரண்டையும் ஒரே ஒயரில் கொண்டுவருவதுதான் இந்தப் பொருளின் பெருமை என்று விற்கிறார்கள். அந்த ஒயர் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. மேசையில் கை பட்டாலும், திரையைச் சற்று நகர்த்தினாலும், அந்த நீட்டம் நெம்புகோலாக மாறி உள்ளே பலகையில் பற்றவைத்த சிறு துளையை அசைக்கிறது. சில மாதங்களில் பிடிப்பு தளர்கிறது. தளர்ந்தபின் நடப்பது இதுதான்: திரை ஒரு நொடி கறுக்கிறது, நிறுவனத்தின் முத்திரை தோன்றுகிறது, மீண்டும் படம் வருகிறது, அதற்குள் வலப்பக்கம் இருந்த ஜன்னல்கள் எல்லாம் மடிக்கணினித் திரைக்குப் பாய்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடுகின்றன. பார்த்துக்கொண்டிருந்த பதிவு எது என்பதே மறந்துவிடும். விண்டோஸ் 11-இல் டிஸ்ப்ளே அமைப்புக்குள் மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் என்ற பகுதியில், மானிட்டர் இணைப்பைப் பொறுத்து ஜன்னல்களின் இடத்தை நினைவில் வைக்கும் தேர்வு உண்டு. அதை இயக்கியபின் ஜன்னல்கள் பெரும்பாலும் தம் இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. ஆனாலும் 19-ஆம் தேதி இரவு, தாக்கலுக்கு இடையில் திரை கறுக்கும்போது வரும் ஆத்திரத்தை எந்த அமைப்பும் தணிப்பதில்லை.

நியாயமாகச் சொன்னால், எல்லாக் கறுப்புக்கும் போர்ட் காரணமில்லை. இத்தகைய திரை எட்டு, பத்து வாட் மின்சாரம் கேட்கும். பல மடிக்கணினிகளின் டைப்-சி போர்ட் 5 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர், அதாவது ஏழரை வாட்தான் தரும். சில 15 வாட் தருகின்றன. குறைவாகத் தரும் கணினியில் வெளிச்சத்தை முழுமையாக ஏற்றினால் திரை அணைந்து எரியத்தான் செய்யும். அதேபோல, போன் சார்ஜர் ஒயர்கள் பெரும்பாலானவற்றில் படத்தைக் கொண்டுபோகும் அதிவேகக் கம்பி இணைகளே கிடையா. வடிவம் ஒன்றுதான், முனையும் ஒன்றுதான். ஒன்றில் படம் வரும், மற்றொன்றில் வராது. கணினியின் போர்ட்டிலும் இதே குழப்பம்: அருகில் டிஸ்ப்ளேபோர்ட் குறியோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருந்தால் நம்பலாம், ஒன்றுமே இல்லாவிட்டால் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். ஒயரின் மேல் அது எதைச் சுமக்கும் என்று இரண்டு எழுத்து அச்சிட்டு அனுப்புவதற்கு என்ன செலவாகிவிடும்? இத்தனை விலை வாங்குகிறவர்கள் இதைச் செய்யாததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் ஊருக்கென்று ஒரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. தேவனாம்பட்டினத்தில் கடலுக்கு அருகே வீடு. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கும்போது, மயிரிழை கனமுள்ள தங்கப் பூச்சுக்காரப் பின்கள் எம்மாத்திரம்? இரவு முழுவதும் மின்சாரத்துடன் செருகியே வைத்தால், ஈரமும் உப்பும் மின்னழுத்தமும் சேர்ந்து பின்களை அரிக்கின்றன. விற்ற நிறுவனத்தின் சேவை மையத்தில் பலகையையே மாற்ற வேண்டும் என்று சொல்லி, புதுத் திரையின் விலையில் பாதிக்கு மேல் கேட்டார்கள். புதுச்சேரி காமராஜர் சாலையை ஒட்டிய சிறிய பழுதுக்கடை ஒன்றில் நுண்ணோக்கியின் கீழ் எனக்கே காட்டினார்கள்: 24 பின்களில் மின்சாரம் வரும் பின்களின் ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. வெப்பக்காற்றால் பழைய போர்ட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைத்தார் அந்தக் கடைக்காரர். கூலி நியாயமாக இருந்தது. வேலை அதைவிடச் சுத்தமாக இருந்தது.

அதன் பின் படத்தையும் மின்சாரத்தையும் ஒரே டைப்-சி ஒயரில் எடுக்கும் வழியை விட்டுவிட்டேன். படத்துக்கு மினி எச்.டி.எம்.ஐ. ஒயர், மின்சாரத்துக்குத் தனி சார்ஜர், டைப்-சி முனையில் எல் வடிவ அடாப்டர் என்று மாற்றியபின் திரை கறுப்பது நின்றது. ஒயர் ஒன்று கூடியது, பை கனத்தது. உறையையே மடித்துத் தாங்கியாக்கும் ஏற்பாடும் கண்ணாடி மேசையில் வழுக்கியதால், மடக்கும் அலுமினியத் தாங்கி ஒன்று வாங்கினேன். தனி எண் விசைப்பலகையும் பையில் உண்டு. கணக்கு எழுதுபவருக்கு இரண்டாம் திரைக்கு முன்பே வாங்க வேண்டிய பொருள் அது.

மின்வெட்டில் இதன் அருமை தெரியும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபின் மின்சாரம் இல்லாத நேரத்திலும், டைப்-சி ஒயரைச் செருகிக் கணினியின் பேட்டரியிலேயே இரண்டு திரையிலும் வேலை பார்த்தேன். பேட்டரி வழக்கத்தைவிட வெகு விரைவில் தீர்ந்தது என்றாலும், சாதாரண மானிட்டரில் யூ.பி.எஸ். இல்லாமல் அதுவும் நடந்திருக்காது.

நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. அவர் ஓரிடத்தில் அமர்ந்து வரைகிறவர். இதே பணத்தில் 24 அங்குல மானிட்டர் கிடைக்கும், அதன் இணைப்பு ஆண்டுக்கணக்கில் அசையாது. ஊர் ஊராக அலைபவர் கேட்டாலும், கழற்றி மாற்றக்கூடிய போர்ட்டுடன் ஒன்று வரும்வரை பொறுங்கள் என்றே சொல்வேன். பொறுக்க முடியாதவர் என் திரையை இரவல் வாங்கிப் பயன்படுத்திப் பார்க்கலாம். 14-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் இடையில் மட்டும் என்னால் தர இயலாது.