நியூயார்க்கா, கலிபோர்னியாவா: ஜெர்மன் வழக்கறிஞருக்கு எது?

ஜெர்மனியில் வழக்கறிஞராக இரண்டு அரசுத் தேர்வுகளில் தேற வேண்டும். நடுவே 2 ஆண்டு ரெஃபரெண்டாரியாட் என்ற பயிற்சிக்காலம். அமெரிக்க உரிமமும் வேண்டும் என்பவர் எந்த மாநிலத்தை நாடலாம் என்பது, இந்தப் பாதையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

முதல் தேர்வை மட்டும் முடித்தவருக்கு நியூயார்க்தான் வழக்கமான வாசல். அமெரிக்கா பின்பற்றும், முந்தைய தீர்ப்புகளை அடிப்படையாகக் கொண்ட ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபில் படிக்காத குறையை ஈடுகட்ட, அமெரிக்கச் சட்டக்கல்லூரியில் குறைந்தது 24 கிரெடிட் (பாட அளவை எண்ணும் அலகு) கொண்ட எல்.எல்.எம். என்ற முதுநிலைச் சட்டப்படிப்பைப் படிக்கச் சொல்கிறது அந்த மாநிலம். தொழில் நெறி, சட்ட ஆய்வும் எழுத்தும், அமெரிக்கச் சட்ட அறிமுகம், உரிமத்துக்கான பார் தேர்வின் பாடங்கள் என 12 கிரெடிட்டை விதியே எடுத்துக்கொள்கிறது. பெயர்பெற்ற கல்லூரிகளில் கட்டணம் மட்டும் 70,000 டாலரைத் தாண்டும். அரசுப் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய இலவசமாகப் படித்தவருக்குத் தலை சுற்றும் தொகை இது.

கலிபோர்னியா தாராளம். இரண்டு தேர்வையும் முடித்து ஜெர்மனியில் வழக்கறிஞராகப் பதிவு செய்தவரை எல்.எல்.எம். இல்லாமலே தேர்வெழுத விடுகிறது. செலவு வெகு குறைவு. ஆனால் சொல்லித்தர ஆளில்லை. ஒப்பந்தம் செல்லுபடியாக மறுபயன் (வாக்குறுதிக்கு ஈடாகத் தரும் ஏதோ ஒன்று) வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம்; அதை 1900 முதல் நடப்பிலுள்ள ஜெர்மன் உரிமையியல் சட்டம் கேட்பதில்லை. செவிவழிச் சான்றை (பிறர் சொல்லக் கேட்டதை) ஏற்கக்கூடாது என்ற அமெரிக்க விதிக்கான விலக்குகளும் விலக்குக்குள் விலக்குகளும், சான்றை நீதிபதியே தாராளமாக எடைபோடும் மரபில் வளர்ந்தவருக்கு வேற்றுக்கிரகம். தவிர, சொந்த நாட்டில் கனத்த சட்டத்தொகுப்பை மேசையில் வைத்துக்கொண்டு எழுதிப் பழகியவர் அவர். பார் தேர்வில் விதிகள் எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். 18-க்கு 9 புள்ளி வாங்கினாலே கொண்டாடும் தேர்வுமுறையைத் தாண்டி வந்தவர் என்பதால் உழைப்புக்கு அஞ்சமாட்டார் என்பது வேறு.

ஜே.டி. என்ற மூன்றாண்டு அமெரிக்க அடிப்படைச் சட்டப்படிப்பு? அமெரிக்காவிலேயே தங்கிவிடப் போகிறவருக்கு மட்டும்.

என் கணக்கில், பிராங்பர்ட்டுக்குத் திரும்பி நிறுவன இணைப்பு ஒப்பந்தங்களைப் பார்க்கப் போகிறவருக்கு எல்.எல்.எம். ஆண்டு வீண்போகாது. அமெரிக்கத் தரப்போடு பேரம் பேசும்போது உதவுவது உரிமத்தைவிட அந்த வகுப்பறைப் பழக்கம்தான். ஏற்கெனவே வேலையில் இருப்பவர், விசிட்டிங் கார்டில் இன்னொரு தகுதி வேண்டும் என்பவர் கலிபோர்னியாவுக்குப் போகட்டும். அமெரிக்காவிலேயே வேலை பார்க்க நினைப்பவருக்கு ஒன்று: உரிமத்தோடு விசா வராது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் எல்.எல்.எம். முடித்தவருக்கோ, ஓராண்டு வரை அங்கே பணிபுரிய விண்ணப்பிக்கும் வாய்ப்பாவது உண்டு.